முட்டு எடுக்கும் முறை: தனியா நிற்கப் பழக ஒரு சிவில் பாடம்



நம் நாட்டில் 18 வயது முடிந்தால் மேஜர். 1875-ஆம் ஆண்டு வந்த சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதுவரை உங்கள் வங்கிக் கணக்கில் அப்பாவோ அம்மாவோ கார்டியனாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். 18 ஆனதும் அந்தக் கையெழுத்து செல்லாது. உங்கள் கையெழுத்தையும் அடையாளச் சான்றையும் புதிதாகக் கொடுக்க வேண்டும். சட்டத்தைப் பொறுத்தவரை ராத்திரி 12 மணிக்கு மைனர் போய் மேஜர் வந்தாச்சு. அவ்ளோதான்.

ஆனா நிஜத்துல அப்படியா? 18 வயசுல ஒரு பக்கெட், ஒரு தலையணை, ஒரு பெட்டியோட ஹாஸ்டல் வாசல்ல இறக்கி விடுறாங்க. 22-ல ஆஃபர் லெட்டரோட சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுறோம். இரண்டு தடவையும், அதுவரை நம்மைத் தாங்கிக்கொண்டிருந்த பல விஷயங்கள் ஒரே நாளில் விலகுகின்றன. காலையில் எழுப்பிவிட்ட குரல், வேளைக்கு வந்த சாப்பாடு, ஃபீஸ் கட்டக் கடைசி நாளை ஞாபகம் வைத்திருந்த ஆள், காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை, எல்லாமே.

சிலர் சமாளித்துவிடுகிறார்கள். சிலர் இரண்டாம் செமஸ்டரிலேயே நாலு அரியர் வைத்துவிட்டு, வீட்டில் "எல்லாம் நல்லாப் போகுது" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, மெஸ்ஸுக்குக்கூட வராமல் அறைக்குள் சுருண்டுவிடுகிறார்கள். உங்கள் பிளாக்கில் அப்படி ஒருவர் இருக்கலாம். அது நீங்களாகவே இருக்கலாம். இவர்களைப் பற்றி எல்லோரும் சட்டென்று சொல்லும் தீர்ப்பு: "அவனுக்குப் பொறுப்பு பத்தல."

தளம் விரிசல் விட்டால் நல்ல இன்ஜினியர் உடனே கான்கிரீட்டைக் குறை சொல்ல மாட்டார். "முட்டு எப்ப எடுத்தீங்க?" என்று முதலில் கேட்பார். இந்தக் கட்டுரையும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கப் போகிறது. சிவில் இல்லாதவங்க பயப்பட வேண்டாம், ஃபார்முலா எதுவும் கிடையாது.

சென்ட்ரிங் எப்போது பிரிப்பார்கள்?

வீடு கட்டும் இடத்தில் தளம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே பலகையோ தகடோ விரித்து, அதைச் சவுக்குக் கம்பாலோ இரும்பு ஜாக்கியாலோ தாங்கி, மேலே கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றுவார்கள். அப்புறம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். ஈரக் கான்கிரீட்டால் தன் எடையைத் தானே தாங்க முடியாது. அது இறுகும்வரை அந்த எடையை முட்டுகள்தான் தாங்கும்.

எத்தனை நாள்? நம் நாட்டுக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456 : 2000 இதற்கு ஒரு பட்டியல் தருகிறது. சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட், 15 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பநிலை, ஒழுங்கான கியூரிங், இவை இருந்தால்:

- தூண், சுவர், பீம் ஆகியவற்றின் பக்கப் பலகை: 16 முதல் 24 மணி நேரம்
- தளத்தின் அடிப்பலகை: 3 நாள். எடுத்த உடனே முட்டுகளைத் திரும்ப வைக்க வேண்டும்.
- பீமின் அடிப்பலகை: 7 நாள். இதற்கும் அதே நிபந்தனை.
- தளத்தின் கீழ் இருக்கும் முட்டு: தாங்கிக்குத் தாங்கி 4.5 மீட்டர் வரை இருந்தால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள்
- பீமின் கீழ் இருக்கும் முட்டு: 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள்

இந்தச் சின்னப் பட்டியலில் நமக்கு நாலு பாடம் இருக்கிறது.

ஒன்று, எல்லாவற்றுக்கும் ஒரே தேதி கிடையாது. பக்கப் பலகை மறுநாளே போகலாம். பீமின் முட்டு மூன்று வாரம் நிற்கும். ஒரே கட்டடம், ஒரே கான்கிரீட்தான். ஆனால் ஒவ்வொரு பாகமும் தாங்க வேண்டிய சுமை வேறு.

இரண்டு, தூரம் கூடினால் காலமும் கூடும். நீளமான பீமுக்கு அதிக நாள் கொடுப்பதால் அதை யாரும் "சோம்பேறி பீம்" என்று திட்டுவதில்லை.

மூன்று, பலகையை எடுத்த பிறகும் முட்டு திரும்ப வரலாம். மூன்றாம் நாள் பலகையைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் முட்டு வைக்கச் சொல்வது விதிநூலே. அது தோல்வியில்லை, வேலையின் ஒரு படி.

நான்கு, எடுக்கும் வரிசை முக்கியம். இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்த தளத்தில் நடுவிலிருந்து சுவரை நோக்கி முட்டுகளை எடுப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்து நிற்கும் சன்ஷேடில் நுனியிலிருந்து சுவரை நோக்கி வருவார்கள். மாற்றி எடுத்தால், கம்பியே இல்லாத இடத்தில் இழுவிசை விழுந்து விரிசல் விடும். கான்கிரீட் நல்லாத்தான் இருக்கும், வரிசைதான் தப்பு.

பட்டியலுக்கு முன்னால் பொதுவிதி ஒன்றும் உண்டு. சென்ட்ரிங் பிரிக்கும் நேரத்தில் கான்கிரீட்டின் மேல் எவ்வளவு தகைவு வரப்போகிறதோ, அதைப் போல் குறைந்தது இரு மடங்கு வலிமை அதற்கு வந்திருக்க வேண்டும். இதை "இரு மடங்கு விதி" என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மனுஷங்களுக்கும் இது பொருந்துமா?

அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட் 2000-ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில், 18 முதல் 25 வரையான வயதைத் தனிப் பருவமாகப் பார்க்க வேண்டும் என்றார். விடலைப் பருவம் முடிந்துவிட்டது, ஆனால் முழுப் பெரியவர் என்ற நிலையும் வரவில்லை, இடையில் ஒரு நடைபாதை. இது எல்லா நாட்டுக்கும் எல்லா வர்க்கத்துக்கும் பொருந்துமா என்று பலர் வாதிட்டார்கள். நியாயமான வாதம். 18 வயதில் பட்டறையிலோ மில்லிலோ வேலைக்குப் போய்விட்ட நம் பள்ளித் தோழனுக்கு அந்த நடைபாதை கிடைக்கவில்லையே. ஆனால் கிடைக்கவில்லை என்பதால் தேவைப்படவில்லை என்று ஆகிவிடாது.

இதை நம் சட்டமே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில், குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து 18 முடிந்து வெளியே வருபவர்களுக்குப் "பிற்காப்பு" என்ற ஏற்பாடு உண்டு. பண உதவி உட்பட, 21 வயது முடியும்வரை ஆதரவு தொடரலாம். 18 ஆனதும் மேஜர் என்று சொல்லும் அதே நாடு, பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு "18-ல் முட்டு எடுத்தால் தாங்காது" என்றும் எழுதி வைத்திருக்கிறது. அவர்களுக்குத் தேவை என்றால் நமக்கும் தேவைதான். நமக்கு அதை வீடு செய்கிறது, அவ்ளோதான் வித்தியாசம். வீடு அதைச் செய்ய முடியாத நண்பர்கள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

உவமை எங்கே உடைகிறது?

ஒரு உவமையை அப்படியே நம்பிவிடக் கூடாது. கான்கிரீட் சும்மா கிடந்தே வலுவாகும். தண்ணீர் விட்டால் போதும், 7 நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வலிமை, 28 நாளில் கணக்கிட்ட வலிமை. நாம் அப்படியில்லை. 28 வருஷம் முட்டுக்கு மேலேயே கிடந்தாலும் தானாக இறுக மாட்டோம். கொஞ்சம் சுமை ஏறினால்தான் நமக்கு வலிமை வரும்.

அப்படியானால் எவ்வளவு சுமை? இதற்கு நல்ல பதில் ஒரு குழந்தைகள் ஆய்வில் இருக்கிறது. 1976-ல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெய்ல் ராஸ் மூவரும் 3, 4, 5 வயதுக் குழந்தைகளிடம் மரக்கட்டைகளைக் கொடுத்து ஒரு பிரமிடு அடுக்கச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு ஆசிரியை. அவர் எப்போது உதவுகிறார், எப்போது ஒதுங்குகிறார் என்பதுதான் ஆய்வு. அந்த உதவிக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? கட்டடச் "சாரம்". நம்ம துறையிலிருந்து எடுத்ததுதான்!

வுட் பின்னர் செய்த ஆய்வுகளிலிருந்து ஒரு எளிய விதி கிடைத்தது. குழந்தை தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டு. சரியாகச் செய்தால் ஒரு படி குறை. முழுவதையும் நீயே செய்துகொடுக்காதே, முழுவதையும் விட்டுவிட்டும் போகாதே.

நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இந்த விதிக்கு நேர் எதிர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தட்டைக்கூடக் கழுவ விடுவதில்லை: "நீ படி, அது போதும்." அடுத்த ஜூலையில் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடுகிறார்கள். அதில் தடுமாறினால் உதவி கூடுவதில்லை, திட்டுதான் கூடுகிறது. "இவ்ளோ செலவு பண்ணிப் படிக்க வைக்கிறோம்..." என்று ஆரம்பித்தால், அடுத்த முறை தடுமாறும்போது பிள்ளை வாயைத் திறக்காது.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு விதம். எல்லா வேலையும் தெரிந்திருக்கும், அரியரும் இருக்காது. ஆனாலும் முட்டுகளை எடுக்கவே மாட்டார்கள். டிக்கெட் எடுப்பது, பேங்குக்குப் போவது எல்லாம் அண்ணனோ அப்பாவோதான். பையன்களுக்கு அவசரமாக எடுப்பதும் பெண்களுக்கு எடுக்கவே மறுப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம். இரண்டிலும், எதிரே நிற்பவர் இப்போது எவ்வளவு தாங்குவார் என்று யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் பட்டியலை நீங்களே போடுங்கள்

சரி, செயலுக்கு வருவோம். எந்த வேலையையும் நாலு நிலையில் கைமாற்றலாம்.

நிலை 1: அவர்கள் செய்ய, நீங்கள் பக்கத்தில் நின்று பார்ப்பது.
நிலை 2: நீங்கள் செய்ய, அவர்கள் பக்கத்தில் நிற்பது.
நிலை 3: நீங்கள் தனியாகச் செய்வது, மாட்டினால் ஒரு ஃபோன்.
நிலை 4: செய்து முடித்துவிட்டுத் தகவல் மட்டும் சொல்வது.

இனி நாலு சுமைகளைப் பார்ப்போம்.

*பணம்.* தேவைப்படும்போதெல்லாம் வீட்டுக்கு ஃபோன் போட்டு யுபிஐ-யில் வாங்குவது நிலை 1-லேயே உட்கார்ந்திருப்பது. அதற்காக ஒரேயடியாக ஒரு செமஸ்டர் பணத்தையும் வாங்காதீர்கள், நீளமான பீமுக்கு நாள் வேண்டும். கைச்செலவு மாதம் 3000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் வாரத்துக்கு 750 வாங்குங்கள். தேதிக்கு முன்னால் தீராமல் ஒரு மாதம் ஓடினால், 15 நாளுக்கு 1500. அதுவும் சரியாகப் போனால் மொத்தமாக 3000. நடுவில் ஒரு மாதம் சொதப்பினால் ஒரு படி கீழே வாங்க. முட்டு திரும்ப வைக்கிறது கேவலம் இல்லைன்னு ஏற்கெனவே பார்த்தோமே. வேலைக்குப் போன பிறகு இரு மடங்கு விதியைப் போடுங்கள்: வீட்டிலிருந்து வரும் பணத்தை நிறுத்தச் சொல்வதற்கு முன், கையில் இரண்டு மாதச் செலவுக்கான தொகை இருக்கட்டும்.

*காகிதம்.* நம்மில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். இந்தச் சுமையில் வீட்டால் நமக்கு முட்டுக் கொடுக்க முடியாது, ஏனென்றால் அவர்களே இந்தக் காகிதங்களைப் பார்த்ததில்லை. அதனால் முட்டு வேறு இடத்திலிருந்து வரணும்: சீனியர், டியூட்டர், வேலையில் சேர்ந்த அண்ணன் அக்கா. தெரிந்திருக்க வேண்டியவை சில:

வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் இது. தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. கையெழுத்துப் போடும் முன் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், அட்வான்ஸில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள், வாடகை எப்போது எவ்வளவு ஏறும்.

சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் அடிப்படைச் சம்பளத்தில் பொதுவாக 12 சதவீதம். உங்கள் 12 இலக்க யு.ஏ.என். எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். கம்பெனி மாறும்போது புது எண் வாங்காமல் பழையதையே கொடுங்கள். வேலை தருகிறோம், முதலில் டெபாசிட் கட்டுங்கள் என்று எவராவது கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இணையத்தில் பணம் ஏமாந்துபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் "தோழி" விடுதிகள் சென்னையை ஒட்டிய கூடுவாஞ்சேரி, திருச்சி, வேலூர் போன்ற இடங்களில் இருக்கின்றன. புது ஊரில் முதல் ஆறு மாதத்துக்கு நல்ல முட்டு அது.

*உடம்பு.* சாதம், ஒரு குழம்பு, ஒரு முட்டைப் பொரியல். இந்த மூன்றும் தெரிந்தால் எந்த ஊரிலும் பட்டினி கிடையாது. செமஸ்டர் லீவில் நிலை 2: நீங்கள் சமைக்க, அம்மா பக்கத்தில். அதே லீவில் இன்னொன்று. ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் சீட்டு வாங்குவது, டாக்டரிடம் சொல்வது, மருந்து வாங்குவது எல்லாம் நீங்களே செய்யுங்கள், வீட்டார் வெளியே பெஞ்சில் உட்காரட்டும். கல்லூரி ஊரில் காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி, யார் கூட வருவார்கள் என்பதை நல்லா இருக்கும்போதே முடிவு செய்து வையுங்கள். 102 டிகிரி அடிக்கும்போது யோசிக்க முடியாது.

*மனசு.* சன்ஷேடை ஞாபகம் வையுங்கள். சுவர் பக்கத்து முட்டுதான் கடைசி. நம் வாழ்க்கையில் அந்தக் கடைசி முட்டு, நாம் பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு ஆள். அம்மா, தாத்தா, அக்கா, ரூம்மேட், யாராகவும் இருக்கலாம். பல வீடுகளில் வரிசை தலைகீழாகிவிடுகிறது. பணம் மாதாமாதம் வரும், ஆனால் பேச்சு நின்றுபோயிருக்கும். "சாப்டியா?" "சாப்டேன்." "படிக்கிறியா?" "படிக்கிறேன்." நாலு வார்த்தையில் ஃபோன் முடிந்துவிடும். பணத்துக்கான முட்டு முதலில் போகட்டும், பரவாயில்லை. பேச்சு கடைசிவரை இருக்கணும்.

இறுகும் முன்னே சுமை ஏற்றாதீர்கள்

முட்டு எடுத்ததும் தளம் முதலில் தாங்க வேண்டியது தன் சொந்த எடையை. அதற்குள் மேலே செங்கல் அடுக்க ஆரம்பித்தால்? நமக்கு இது நிறைய நடக்கிறது. முதல் சம்பளம் வந்த மாதமே தங்கச்சி படிப்பு, வீட்டுக் கடன், பைக் இ.எம்.ஐ. என்று எல்லாம் ஏறிவிடும். வீட்டுக்குச் செய்ய வேண்டும் என்ற ஆசையில் தப்பே இல்லை. ஆனால் கல்விக்கடனைப் பாருங்கள். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பதுதான் வங்கிகளின் பொதுவான ஏற்பாடு. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். கடன் கொடுத்த பேங்க்கே ஒரு வருஷம் டைம் கொடுக்குது! அதனால் வீட்டில் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். "முதல் ஆறு மாசம் இவ்வளவுதான் அனுப்ப முடியும், அதுக்கப்புறம் இவ்வளவு" என்று எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். முடியாததை ஒத்துக்கொண்டுவிட்டு லோன் ஆப்பில் கடன் வாங்கி அனுப்புவதைவிட, சொல்லும்போது வரும் சங்கடம் சின்னது.

விரிசல் தெரிந்தால்

எல்லா விரிசலும் ஆபத்தில்லை. பூச்சில் முடி போல ஓடும் கோடு வேறு, பீமில் நாளுக்கு நாள் அகலமாகும் பிளவு வேறு. வீட்டு ஞாபகத்தில் இரண்டு வாரம் அழுகை வருவது முடிக்கோடு. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப்போவது, வகுப்புக்குப் போவதே நின்றுபோவது, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் இருப்பது, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நல்லது" என்ற நினைப்பு வருவது, இவையெல்லாம் பெரிய பிளவு. அப்போது நாள் பார்க்கக் கூடாது, உடனே முட்டுக் கொடுக்கணும்.

உங்களுக்கு என்றால்: நம்பும் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். கல்லூரி கவுன்சலர், டியூட்டர், வார்டன் யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநல ஆலோசனை 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இந்தச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். அந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால் 108.

வீட்டில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் பலர் மறைக்கிறார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். திட்டுறதுன்னா அப்புறம் திட்டுங்க, முதல்ல முழுசா கேளுங்க. எனக்கு நாலு அரியர் இருக்கு. ரெண்டு மாசமா சரியாத் தூங்கல. டியூட்டர்கிட்ட பேசப் போறேன். நீங்க ஒரு நாள் வந்து கூட இருந்தா நல்லா இருக்கும்." என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறீர்கள், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள், அவர்களிடம் என்ன வேண்டும் என்று நாலும் அதில் வந்துவிடுகிறது. கடைசி வரி முக்கியம். என்ன செய்வதென்று தெரியாத பெற்றோர்தான் திட்டுவார்கள், செய்ய ஒரு வேலை கொடுத்தால் பெரும்பாலும் பஸ் ஏறி வந்துவிடுவார்கள்.

நண்பருக்கு என்றால்: "தைரியமா இரு மச்சி" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். படி பார்த்து உதவுங்கள். மெஸ்ஸுக்கு வராதவனுக்குச் சாப்பாடு எடுத்துப் போவது முதல் நாள். மறுநாள் "வா, சேர்ந்து போலாம்." அதற்கடுத்த வாரம் "மெஸ்ல வெயிட் பண்றேன், வந்துடு." அசைன்மென்ட்டை எழுதிக் கொடுக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து அவரையே எழுத வையுங்கள். உயிரை விடுவது பற்றி அவர் ஒரு வார்த்தை பேசினாலும் அதை ரகசியமாக வைக்காதீர்கள். தனியாக விடாமல், ஒரு பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். நட்பு கெட்டுவிடுமோ என்று அந்த நேரத்தில் யோசிக்க வேண்டாம்.

பயிற்சி

இந்த வாரம் ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்கள்: பணம், காகிதம், உடம்பு, மனசு. ஒவ்வொன்றிலும் இன்று நீங்கள் நிலை 1-ல் இருக்கும் ஒரு வேலையை எழுதுங்கள். பொய் வேண்டாம், யாரும் மார்க் போடப் போவதில்லை. அதை நிலை 2-க்குக் கொண்டுபோக யார் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவர் பெயரை எழுதுங்கள். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது தாளையும் எடுத்துப் போய் வீட்டில் காட்டுங்கள்.

ஐந்தாவதாக ஒரு கட்டமும் போடுங்கள். நீங்கள் யாருக்கு முட்டாக நிற்க முடியும்? ஜூனியர் ஒருவர், ரூம்மேட் ஒருவர், விடுமுறையிலும் போக வீடில்லாத வகுப்புத் தோழர் ஒருவர். பெயர் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால், இன்று ராத்திரி மெஸ்ஸில் யார் தட்டு காணோம் என்று ஒரு தடவை பாருங்கள்.